அழைத்தால் வரக்கூடாது

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றில் விட்ட பூவும் வாழையிலையும் வாய்க்கால் வழியாக வந்து மையத்தின் தொட்டிக் குழாயை அடைத்துவிட்டன. துளசிமணியும் நானும் காலை முழுக்க அதைத்தான் அள்ளினோம். இந்த வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் டாக்டர் நான், பராமரிப்பாளர் அவர். குப்பை அள்ளுவதில் மட்டும் இருவரும் சரிசமம். பிறகு முள்ளம்பன்றிக்குக் கட்டு மாற்றினேன். நன்றிக்கு என் செருப்பில் ஒரு முள்ளைச் செருகியது.

மதியத் தபாலில் இரண்டு கடிதங்கள். முதலாவது: 31ஆம் எண் நீர்நாய், பெண், விதி ஏழின்படி காட்டில் விடும் தகுதியை இழந்துவிட்டது. மனிதர் பராமரிப்பில் நூற்றெண்பது நாட்களைத் தாண்டிய எந்த விலங்கையும் திரும்ப விடக்கூடாது. செப்டம்பர் 30 அன்று உயிரியல் பூங்காவிலிருந்து வண்டி வரும். இரண்டாவது: விடுவிப்பு விதிகளை மறுபரிசீலனை செய்ய மூவர் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் நானும் ஒருத்தி. புதிய விதியை ஏதாவது ஒரு விலங்கிடம் சோதித்துப் பார்க்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

ஏதாவது ஒரு விலங்காம். எது என்று நான் யோசிக்கவே இல்லை.

31 பொங்கலன்று வந்தது. வாய்க்கால் ஷட்டரில் தாய் செத்துக் கிடக்க, பக்கத்தில் முனகிக்கொண்டிருந்ததை யாரோ துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இன்றோடு 202 நாள். இருபத்திரண்டு நாள் கூடிப்போனதற்காக இங்கே ஓடும் மாயாற்றையே அதனிடமிருந்து பிடுங்கிவிடுவார்களா? பார்த்துவிடலாம்.

சாயங்காலம் வழக்கம்போல் குண்டாவின் விளிம்பில் கரண்டியால் மூன்று தட்டு. கெண்டை ஒன்றரைக் கிலோ. மிச்சம் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழுவின் முதல் கூட்டம், நம் மையத்திலேயே. சுவரில் நான் பெயிண்டில் எழுதிவைத்த மூன்று கட்டளைகளைத் தலைவர் அருமைநாயகம் நின்று படித்தார். பேசாதே. தடவாதே. பெயர் வைக்காதே. ஓய்வுபெற்ற வன அதிகாரி, நாசரேத் பக்கத்துக்காரர். சட்டைப்பையில் மூன்று பேனா.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம்" என்றார். நான் மறுக்கவில்லை.

மூன்றாவது ஆள் ஜடையப்பன். அணையில் பரிசலில் மீன் பிடிப்பவர்களின் பிரதிநிதி. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"நீர்நாய விடறதுக்கு விதி எழுதறீங்க, சரிங்க. அது கிழிக்கிற வலைக்கு ஏதாச்சும் விதி இருக்குங்களா?"

இல்லை என்றேன். "அப்ப நான் எதுக்குங்க இங்க?" என்றவர், டீ வந்ததும் எழுந்து போகிற யோசனையைக் கைவிட்டார்.

விதி ஏழை எடுத்துவிட வேண்டும் என்றேன். நாட்களை எண்ணாதீர்கள், விலங்கைப் பாருங்கள். உயிருள்ள மீனைப் பிடிக்கிறதா, மனிதரைக் கண்டால் ஓடுகிறதா, அதைச் சோதியுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் ஏறியிருக்கலாம். அருமைநாயகம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கதை சொன்னார். கேளையாடு என்னும் சின்ன மான் ஒன்றை எட்டு மாதம் வளர்த்துக் காட்டில் விட்டார்களாம். பதினோராம் நாள் அது பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு பன் கேட்டு வந்து நின்றிருக்கிறது. தெருநாய்கள் விடவில்லை.

"விடலாம்னு கையெழுத்துப் போட்டது நான்தான் மேடம். விதி ஏழை எழுதினதும் நான்தான். அதை எடுக்கணும்னா வேற ஒண்ணை எங்கிட்ட கொண்டு வாங்க. சும்மா எடுக்க விடமாட்டேன், சொல்லிட்டேன்."

மனிதர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

31ஐ வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

31ஐ ஆற்றங்கரை அடைப்புக்கு மாற்றினோம். பாதி கரையில், பாதி ஆற்றுக்குள், சுற்றிலும் கம்பிவலை. எதிர்க்கரைப் பாறையில் காட்டு நீர்நாய்க் கூட்டம் ஒன்று இருக்கிறது, ஐந்து உருப்படி. அவை சீழ்க்கையடித்தன. 31 காதை விறைத்துக்கொண்டு கேட்டது. பிறகு என்னைப் பார்த்தது.

என்னை ஏன் பார்க்க வேண்டும்? நீ அவர்களைப் பார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

உயிர்மீன் சோதனையில் ஆறுக்கு ஆறு. அருமைநாயகம் புதர் மறைவிலிருந்து வெளியே வந்ததும் 31 தலைதெறிக்க ஓடி வளைக்குள் புகுந்தது. அவர் மூன்றாவது பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அது நல்ல பேனா என்று நினைக்கிறேன்.

இரவு நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் ஜடையப்பன் அடைப்புக்குக் கொஞ்சம் கீழே வலை கட்டியிருந்தார். இங்கே ஒரு வழக்கம். வலையைக் கட்டிவிட்டுப் பரிசலின் விளிம்பைத் துடுப்பால் தட்டுவார்கள். டொக் டொக் டொக். மீன் மிரண்டு வலையில் போய் விழும்.

அவர் தட்டினார். 31 வளையிலிருந்து பாய்ந்து வந்து கம்பிவலையில் இரண்டு கையையும் வைத்து எழுந்து நின்றது. அவர் நிறுத்தினார். அது கத்தியது. மறுபடி தட்டினார். கம்பியைக் கடித்து மூக்கோரத்தைக் கிழித்துக்கொண்டது.

"ஏனுங் டாக்டரம்மா, என்ற தட்டுக்கு இது எந்திரிச்சு நிக்குதுங்?"

"வேடிக்கை பாக்குதுங்க" என்றேன்.

"வேடிக்கையா இருந்தாச் சரிதானுங்" என்று துடுப்பை எடுத்துக்கொண்டு போனார்.

துருதுருப்பான விலங்கு. எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

துளசிமணிக்கு ஒரு குறிப்பாணை எழுதிக் கொடுத்தேன்: தீவனம் வைக்கும்போது பாத்திரங்களில் தேவையற்ற ஓசை எழுப்புவதைப் பராமரிப்பாளர் தவிர்க்க வேண்டும். அவர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நானுங்களா தட்டுனேன்?" என்றார்.

பொதுவான குறிப்புதான் என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

துளசிமணி இன்று பேசவில்லை. டீயை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மோட்டார் ரிப்பேர்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுதிவிடுகிறேன். தட்டியது நான்.

வந்த மூன்றாவது நாள் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பாலைத் தொடவில்லை. உடம்பு சில்லிட்டுப்போனது. குண்டாவைக் கீழே வைத்தபோது கரண்டி விளிம்பில் பட்டது. அந்தச் சத்தத்துக்குத் தலையை நீட்டியது. இன்னொரு முறை தட்டினேன், வந்தது, குடித்தது. அன்றிலிருந்து ஏழு மாதம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, மூன்று தட்டு. தட்டாமல் இருந்திருந்தால் செத்திருக்கும். இதை யாரிடமும் வாதாடி ஜெயிப்பேன்.

ஆனால் இந்த ஆற்றில் நூறு பரிசல் இருக்கிறது. ஒவ்வொரு பரிசலும் தினமும் அதே சத்தத்தை எழுப்புகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு வலை காத்திருக்கிறது. நான் அதற்குச் சோறூட்டவில்லை, வலைக்குள் போய் விழக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

துளசிமணியிடம் போய் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். "தப்பு என்னுது துளசி, மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"அட, உடுங் டாக்டரம்மா. எனக்குத் தெரியாதுங்களா?" என்றவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தட்டறது மட்டுமுங்களா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். குழாய்க்காரர் காத்திருந்ததால் நான் நிற்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

குழுவில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு சோதனையும் தேறியாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நேற்று பூராவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அருமைநாயகம் பேனாவை மூடினார். "அப்ப முடிஞ்சிட்டு மேடம். இதுக்குத்தான் அந்த நூத்தி எண்பது."

"இல்ல சார். நான் அதைக் கெடுத்தது மூணாவது நாள். நூறாவது நாள் அதை ஆத்துல விட்டிருந்தா உங்க விதிப்படி எல்லாம் சரி. முதல் பரிசல் தட்டினதும் போய் வலையில செத்திருக்கும். உங்க கேளையாடு பன் தின்னக் கத்துக்கிட்டது எட்டாவது மாசமா, எட்டாவது நாளா? அதை யாராவது கேட்டாங்களா?"

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "யாரும் கேக்கலை" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வளர்த்தவர், விலங்கைத் தான் அழைத்த முறைகள் அனைத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். விடும் இடத்தில், சாட்சிகள் முன்னிலையில், வளர்த்தவரே அந்த முறைகளால் அழைக்க வேண்டும். விலங்கு வரக்கூடாது.

"அவிங்களே தட்டுனா மெதுவாத் தட்டுவாங்க" என்றார் ஜடையப்பன். "பக்கத்துல நானும் இருப்பேன். தட்டு சரியில்லீன்னா ஒத்துக்க மாட்டேன்."

சரி என்றேன். படிவத்தை அப்போதே நிரப்பினேன். அழைத்த முறைகள்: ஒன்று. குண்டாவைத் தட்டுதல். டீ கொண்டுவந்த துளசிமணி என் தோளுக்கு மேலாகப் படிவத்தை எட்டிப் பார்த்தார். எனக்குப் பிடிக்காத பழக்கம்.

24ஆம் தேதி சோதனை. வராவிட்டால் ஆற்றுக்குப் போகும், வந்தால் 30ஆம் தேதி வண்டி.

செப்டம்பர் 3, புதன்

இனி மீன் குழாய் வழியாகப் போகும். நேரம் காலம் கிடையாது, யாரும் கண்ணில் படக்கூடாது. அதே சமயம் தினம் ஏழு முறை குண்டாவைத் தட்டுவேன். தட்டினால் மீன் வராது, ஹோஸில் தண்ணீர் பாயும்.

முதல் தட்டுக்கு ஓடி வந்தது. தண்ணீரைப் பீய்ச்சினேன். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டி விளையாடியது. ஏழுக்கு ஏழு.

பரிசலிலிருந்து ஜடையப்பன் சிரித்த சிரிப்பு எதிர்க்கரை வரை கேட்டிருக்கும். "நீர்நாய்க்குத் தண்ணியக் காட்டி மெரட்டறீங்களே, இது நாயமுங்களா?"

செப்டம்பர் 5, வெள்ளி

ஜடையப்பன் தன் வீச்சு வலையோடு வந்தார். நான் தட்டினேன். 31 வந்தது. வலை விழுந்தது. அது அலறியது குழந்தையின் அலறல் மாதிரியே இருந்தது. பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இன்னும் ஆறு தடவ இருக்குதுங்" என்றார்.

தட்டினேன். ஏழுக்கு ஏழு. ஏழு முறையும் என்னை நம்பி வந்தது.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டேன்.

"என்ற வலைல சிக்கிச் செத்துதுன்னா வலையும் போச்சு, பாவமும் எனக்குத்தானுங். ரெண்டு நட்டம் எதுக்குங்?"

செப்டம்பர் 8, திங்கள்

ஏழுக்கு ஏழு.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏழுக்கு ஆறு.

செப்டம்பர் 12, வெள்ளி

ஏழுக்கு மூன்று. தங்கை போனில், "குரல் ஏன்க்கா இப்படி இருக்கு?" என்றாள். சளி என்றேன். சிகிச்சையிலிருந்த ஆந்தையின் கண் ஆறிவிட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஏழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் பாதி வழிவரை வந்து நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அல்லிக்கு என்ன புரிந்தது என்று

31க்கு என்று படிக்கவும்.

செப்டம்பர் 18, வியாழன்

பூஜ்யம். ஜடையப்பன் துடுப்பால் தட்டியதற்கும் பூஜ்யம். வெற்றிதான். குண்டாவைக் கண்டாலே வளைக்குள் ஓடுகிறது. என்னைக் கண்டாலும்.

செப்டம்பர் 20, சனி

அடைப்பின் ஆற்றுப்பக்கக் கதவைத் திறந்துவிட்டோம். அரை நாள் கதவருகிலேயே மோந்துகொண்டிருந்தது. பிறகு போனது. அந்தி சாய்ந்ததும் வளைக்குத் தூங்க வந்தது. மேலே கட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் கதவு விழுந்துவிடும். சோதனையில் தவறினால் துளசிமணி அதை இழுக்க வேண்டும். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

காலை எட்டு மணி. பரிசலில் ஜடையப்பன், அருமைநாயகம், நான். மடியில் குண்டா, அதில் கெண்டை. கரையில் துளசிமணி. 31 எதிர்க்கரைப் பாறையருகில் இருந்தது. அந்த ஐந்தோடு ஆறாவதாக, கொஞ்சம் தள்ளி.

முதலில் ஜடையப்பன் தட்டினார். 31 தலையை உயர்த்தியது, முங்கியது, இன்னும் தள்ளிப் போய் எழுந்தது. அருமைநாயகம் குறித்துக்கொண்டார்.

அடுத்து நான். கரண்டியை எடுத்துத் தட்டினேன்.

"கேக்கலீங்" என்றார் ஜடையப்பன்.

மறுபடி தட்டினேன்.

"உங்க ஊட்டுக்காரருக்குச் சோறு போடறப்ப தட்டற மாதிரி தட்டாதீங். இதுக்குத் தட்டற மாதிரி தட்டுங்."

எனக்கு வீட்டுக்காரரே கிடையாது என்று அவருக்குத் தெரியாது. தட்டினேன். ஏழு மாதம் எப்படித் தட்டினேனோ அப்படி, பசியோடு இருக்கிற குட்டிக்குத் தட்டுகிற மாதிரி. 31 திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அருமைநாயகம் மூன்றாவது பேனாவைத் திறந்தார். "நல்லது மேடம். கையெழுத்துப் போட்டிரலாம்" என்றார். சிரித்தார், முதல்முறையாக.

கரையைப் பார்த்தேன். துளசிமணி கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்.

"சார், படிவத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. இன்னொரு முறை இருக்கு" என்றேன்.

"என்ன முறை?"

சுவரில் மூன்று கட்டளைகளை எழுதியது நான். மூன்றையும் மீறியதும் நான். முதல் வாரத்திலிருந்தே அதற்குப் பெயர் இருக்கிறது. யாரும் இல்லாதபோது, கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் போட்டுத் தடவிக்கொண்டு, ஏழு மாதம் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெயருக்கு எந்த நாளும் வலை விழவில்லை. அதை மட்டும் நான் கெடுக்கவில்லை. எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் கரைக்குக் குளிக்க வரும் எந்தப் பெண்ணும் எந்தக் குழந்தையையும் கூப்பிடுகிற குரல்தான் அது. அந்தக் குரலை நம்பி அது கரையேறினால், அங்கேயும் தெருநாய் உண்டு.

பரிசலில் எழுந்து நின்றேன். "ஆடாமெ நில்லுங்" என்று ஜடையப்பன் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"அல்லி! அல்லி, வாடி!"

அது நின்றது. தண்ணீரில் மார்பளவு எழுந்து திரும்பியது. அந்த ஐந்தும் சீழ்க்கையடித்துக்கொண்டு கீழாற்றுப் பக்கம் நகர ஆரம்பித்தன. அது என்னைப் பார்த்தது, அவற்றைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது.

"அல்லி, இங்க வா சாமி!"

இரண்டாவது முறை கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முங்கியது. தண்ணீரில் குமிழிகள் ஒரு கோடாகப் போவதைப் பார்த்தேன். எந்தப் பக்கம் போகின்றன என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணை நீர் மறைத்துவிட்டது.

"போயிருச்சுங்" என்றார் ஜடையப்பன். "ஆறும் ஒண்ணாப் போகுதுங்."

உட்கார்ந்து அழுதேன். அருமைநாயகம் வேறு பக்கம் திரும்பி நெடுநேரம் பேனாவைத் துடைத்தார். பிறகு படிவத்தை நீட்டினார். அழைத்த முறைகள்: ஒன்று என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைசிக் கூட்டம். விதி ஏழு போனது. அந்த இடத்தில் நம் விதி. கிழிந்த வலைக்கு மாற்று வலை தர வேண்டும் என்று ஜடையப்பனின் விதியும் ஏறியது. அதற்கு நான்தான் அதிகம் வாதாடினேன். பூங்கா வண்டி வேண்டாம் என்று கடிதம் போய்விட்டது.

ஒரே ஒரு திருத்தம். வளர்த்தவர் விடுவிப்புக்குப் பின் முப்பது நாள் அந்தக் கரைக்குப் போகக்கூடாது என்று வரைவில் இருந்தது. முப்பதை அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதினேன்.

"தொண்ணூறு ரொம்ப ஜாஸ்தி இல்லையா மேடம்?" என்றார் அருமைநாயகம்.

"இரண்டாவது தடவை ஏன் கூப்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?" என்றேன்.

அவர் தொண்ணூறுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 4, சனி

மையத்துச் சுவருக்கு வெள்ளையடித்தோம். மூன்று கட்டளைகளையும் மறுபடி எழுதி, அவற்றுக்குக் கீழே துளசிமணி கேட்டுக்கொண்டதால் நான்காவதாக ஒன்று எழுதினேன்: மீறினால் எழுதிவை.

பத்து மணிக்கு ஜடையப்பன் தோளில் வலையைப் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார். தரையில் விரித்துக் காட்டினார். நடுவில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை.

"பாருங் டாக்டரம்மா! ஆறும் சேர்ந்து வந்து மீனைப் பூராத் தின்னுபோட்டு, வலையக் கிழிச்சுபோட்டுப் போயிருக்குதுங். அதுல மூக்கோரத்துல தழும்பு இருக்கறது ஒண்ணு, அது உங்களுதுதானுங்!"

"தட்டிப் பாத்தீங்களா?"

"தட்டுனேனுங். கத்துனேனுங். நீங்க கூப்புட்ட பேரச் சொல்லிக்கூடக் கூப்புட்டேனுங். சட்டை பண்ணுலீங். வாயில மீனைக் கவ்விக்கிட்டு, என்னைய ஒரு பார்வ பாத்துபோட்டுப் போகுதுங்!"

மாற்று வலைக்கான படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன். புதிய விதியின் கீழ் வந்த முதல் விண்ணப்பம். என் வாழ்நாளில் இவ்வளவு இனிப்பான புகாரை யாரும் கொண்டுவந்ததில்லை. துளசிமணியிடம் சொல்லி அவருக்குச் சர்க்கரை தூக்கலாக டீ போடச் சொன்னேன்.

போகும்போது தயங்கி நின்று, "வாங்ளேன், பரிசல்ல ஒரு எட்டு பாத்துப்போட்டு வந்தறலாம். தூரத்துல இருந்துதான். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

விதியைக் காட்டினேன். தொண்ணூறு நாள்.

"எவனுங் இதெல்லாம் எழுதுனவன்?" என்றார் கோபமாக, அதில் தானும் கையெழுத்துப் போட்டதை மறந்து.

இன்று பத்தாவது நாள்.